இருட்டுச் சாலைக்கு விளக்கு கேட்பது எப்படி: கிராம சபைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"எங்க தெருவுல லைட்டே எரியலீங்க" என்று கிராம சபையில் எழுந்து சொன்னால் "பாத்துக்கலாம், உக்காருங்க" என்று பதில் வரும். ஊராட்சிச் செயலர் அதைத் தீர்மான நோட்டில் எழுதக்கூட மாட்டார். அதே ஆள், "பள்ளிக்கூட வளைவுல 14-ல இருந்து 17 வரைக்கும் நாலு போஸ்ட்லயும் பட்டி இல்ல. தெருவிளக்குக் கம்பி ஓடுது. 40 வாட் விளக்கு நாலு போட்டாப் போதும், பொதுநிதியிலேயே பண்ணலாம்" என்று சொன்னால் எழுதித்தான் ஆக வேண்டும். (பட்டி என்றால் கம்பத்தில் விளக்கைப் பொருத்தும் கூடு.) மறுக்க வேண்டும் என்றாலும் காரணம் சொல்லி மறுக்க வேண்டும். இந்த இரண்டு பேச்சுக்கும் இடையில் இருப்பது இரண்டு வார வேலை. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளை மனதில் வைத்து எழுதியது. பேரூராட்சி, நகராட்சிக்காரர்களுக்குத் தனியாக ஒரு பத்தி கீழே இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். தெருவிளக்கு என்பது ஊராட்சி மனமிரங்கிச் செய்யும் உதவி அல்ல. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன் 110-ம் பிரிவு, குடியிருப்புப் பகுதியில் உள்ள பொதுச் சாலைகளுக்கும் பொது இடங்களுக்கும் விளக்கு வைப்பதைக் கிராம ஊராட்சியின் கடமைகளில் ஒன்றாகவே சொல்கிறது. மனு எழுதும்போது இந்தப் பிரிவு எண் ஒரு வரியில் இருந்தால் போதும். அதற்கு மேல் சட்டம் பேச வேண்டியதில்லை.

சாலை யாருடையது?

பெரும்பாலான மனுக்கள் செத்துப்போவது இங்கேதான். ஊருக்கு நடுவே போகும் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். அதற்கு ஊராட்சியில் மனு கொடுத்திருப்பார்கள். ஆறு மாதம் கழித்து "எங்க லிமிட் இல்ல" என்று பதில் வரும்.

கிலோமீட்டர் கல்லின் தலையில் உள்ள நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்பு அல்லது நீலம் என்றால் மாவட்டச் சாலை. அதையும் மாநில நெடுஞ்சாலைத் துறைதான் பராமரிக்கிறது. ஆரஞ்சு என்றால் ஊரகச் சாலை. கல்லே இல்லையென்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியச் சாலை அல்லது ஊராட்சிச் சாலை. ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியரிடம் சாலைப் பதிவேட்டைக் கேட்டால் உறுதியாகத் தெரிந்துவிடும். 200 மீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கும் சிறு கற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். '14/6' என்றால் 14-வது கிலோமீட்டர் தாண்டி 600-வது மீட்டர். நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதும்போது "அய்யனார் கோயில் பக்கத்தில்" என்று எழுதினால் கோட்ட அலுவலகத்தில் யாருக்கும் புரியாது. "கி.மீ. 14/4 முதல் 14/8 வரை" என்று எழுதினால் நேராக வந்து நிற்பார்கள்.

நெடுஞ்சாலை ஓரத்தில் புதுக் கம்பம் நட அந்தத் துறையின் அனுமதி வேண்டும். உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் ஊராட்சியோ மின்வாரியமோ விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் நட்ட கம்பம் சாலையை அகலப்படுத்தும்போது முதல் ஆளாகப் பிடுங்கப்படும். தேசிய நெடுஞ்சாலையில் இன்னொரு வம்பும் உண்டு. விளக்கைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் போட்டுக் கொடுத்தாலும், மாதா மாதம் மின் கட்டணம் யார் கட்டுவது என்பதில் ஊராட்சிக்கும் ஆணையத்துக்கும் இழுபறி வரும். விளக்கு நட்டும் எரியாத மேம்பாலங்களைப் பார்த்திருப்பீர்கள். அதனால் விளக்கு கேட்கும் கடிதத்திலேயே பில் யார் பெயரில் வரும் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பம் ஒருவருடையது, விளக்கு இன்னொருவருடையது

கம்பமும் கம்பியும் மின்வாரியத்தின் சொத்து. அதில் தொங்கும் பட்டி, பல்பு, சுவிட்ச் பெட்டி, மீட்டருக்கு வரும் பில் எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. இது தெரியாமல் லைன்மேனிடம் பல்பு கேட்பதும், செயலரிடம் கம்பி கேட்பதும் தினமும் நடக்கிறது.

எரியாத விளக்கைப் பார்த்தே யாரிடம் போவது என்று ஓரளவு சொல்லிவிடலாம். வரிசையில் ஒன்று மட்டும் எரியவில்லை என்றால் பட்டியோ அதன் இணைப்போ போயிருக்கிறது. அது ஊராட்சி வேலை. ஒரு தெரு முழுக்க எரியவில்லை, வீடுகளில் கரண்ட் இருக்கிறது என்றால் சுவிட்ச் பெட்டியில் ஃபியூஸ் போயிருக்கலாம், தெருவிளக்குக் கம்பி அறுந்திருக்கலாம். பெட்டியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாக எரிந்து அணைந்து அணைந்து வந்தால் இணைப்பில் தளர்ச்சி. ஒரே இரவில் ஒரு தெருவின் எல்.இ.டி. எல்லாம் மொத்தமாகப் போய்விட்டால் நியூட்ரல் கம்பி (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) அறுந்து 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறியிருக்கும். அங்கே புது விளக்கு மாட்டுவது வீண். மின்வாரியம் நியூட்ரலைச் சரிசெய்து எழுத்தில் தெரிவித்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

பகலிலும் எரியும் விளக்கைப் பார்த்தால் ஆளைத் திட்டுவதற்கு முன் மேலே எண்ணிப் பாருங்கள். மூன்று ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி), ஒரு நியூட்ரல், ஐந்தாவதாக ஒரு தெருவிளக்குக் கம்பி என்று இருந்தால்தான் சுவிட்ச் போட்டு ஒரு தெருவை ஒன்றாக அணைக்க முடியும். ஐந்தாவது கம்பி இழுக்காத தெருவில் விளக்கை நேராக ஃபேஸிலேயே கொக்கி போட்டிருப்பார்கள். அது 24 மணி நேரமும் எரியும். 11 மணி நேரம் எரிய வேண்டியது 24 மணி நேரம் எரிந்தால் பில்லும் இரண்டு மடங்குக்கு மேல், விளக்கின் ஆயுளும் பாதிக்குக் கீழே. ஐந்தாவது கம்பி இழுக்கும்படி கேட்பது புது விளக்கு கேட்பதைவிட முக்கியமான கோரிக்கை. ஆனால் அதை யாரும் கேட்பதில்லை.

எந்தக் காரணத்துக்காகவும் ஊர்ப் பையன்களையோ டேங்க் ஆபரேட்டரையோ கம்பத்தில் ஏறச் சொல்லாதீர்கள். "அவன் நல்லா ஏறுவான்" என்று சொல்லி ஏற்றிவிட்டு உயிர் போன ஊர்கள் இருக்கின்றன. லைன் கிளியர் (கரண்டை நிறுத்திவிட்டோம், வேலை செய்யலாம் என்ற அனுமதி) வாங்கி, மின்வாரிய ஊழியர் முன்னிலையில்தான் கம்பத்து வேலை. ஊராட்சி வேலைக்கு எழுதப்படும் தீர்மானத்திலேயே இந்த வரியைச் சேர்த்துவிடலாம்.

இரவில் ஒரு நடை

இரண்டு பேர், ஒரு டார்ச், ஒரு நோட்டு. மாலை ஏழரை மணிக்கு மேல் ஒரு முறை, விடியற்காலை 5 மணிக்கு ஒரு முறை நடங்கள். விடியற்காலை நடை கட்டாயம். பால்காரரும் முதல் பஸ்ஸுக்குப் போகிறவர்களும் பூப்பறிக்கப் போகும் பெண்களும் அந்த நேரத்தில்தான் சாலையில் இருப்பார்கள். பல ஊர்களில் டேங்க் ஆபரேட்டர் தண்ணீர் விட வரும்போது நாலரைக்கே விளக்கை அணைத்துவிடுவதும் அப்போதுதான் கண்ணில் படும்.

ஒவ்வொரு கம்பத்துக்கும் எழுத வேண்டியவை: கம்பத்தில் பெயிண்டில் எழுதிய எண், பட்டி இருக்கிறதா, எரிகிறதா, அடுத்த கம்பம் எத்தனை மீட்டர், சாலையின் அகலம், மரக்கிளை மறைக்கிறதா, பக்கத்தில் என்ன இருக்கிறது. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். பள்ளி வாசல், பஸ் நிறுத்தம், டாஸ்மாக், கிணறு, திறந்த வாய்க்கால், குறுகிய பாலம், தெரு வந்து பெரிய சாலையில் சேரும் முனை, மாடு கட்டும் இடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். எண் அழிந்திருந்தால் இரண்டு பக்கமும் எண் உள்ள கம்பங்களைக் குறித்து 'நடுவில் உள்ளது' என்று எழுதுங்கள். தூரம் அளக்க டேப் வேண்டாம். உங்கள் நடையில் 10 மீட்டருக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும்.

வெளிச்சம் போதுமா என்று பார்க்க எளிய வழி: இரண்டு கம்பங்களுக்கு நடுவில் ஒருவர் நிற்க, மற்றவர் 4 மீட்டர் தள்ளி நின்று முகம் அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் நடப்பவருக்கு அந்த வெளிச்சம் போதாது. கைபேசியில் இறக்கும் லக்ஸ் செயலி (லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் வெளிச்சத்தின் அளவு) காட்டும் எண்ணை நம்பி மனுவில் எழுதாதீர்கள். ஒவ்வொரு கைபேசியும் ஒவ்வொரு எண் காட்டும். ஒரே கைபேசியில் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது உதவும்.

எத்தனை வாட் கேட்பது?

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1944 சாலைகளை வகை பிரித்து வெளிச்ச அளவு சொல்கிறது. மிக முக்கியமான, வேகமும் நெரிசலும் மிக்க சாலைகளுக்குச் சராசரி 30 லக்ஸ், கலப்புப் போக்குவரத்து உள்ள முதன்மைச் சாலைகளுக்கு 15. கடைத்தெரு போன்ற ஓரளவு நெரிசலான இரண்டாம் நிலைச் சாலைக்கு 8, போக்குவரத்துக் குறைந்த தெருவுக்கு 4. கிராமத்துத் தெரு என்றால் 4 லக்ஸ்தான் இலக்கு. பஸ் நிறுத்தம், சந்திப்பு என்றால் 8.

இதைக் கணக்கிடுவது கஷ்டமில்லை. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் (விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு) தரும் என்று வைத்துக்கொள்வோம். 20 வாட் விளக்கு 2,000 லூமன். அதில் சாலையில் விழுவது மூன்றில் ஒரு பங்கு போல, மீதி வீட்டுச் சுவருக்கும் வயலுக்கும் போய்விடும். 0.35 என்று எடுங்கள். தூசி படிவது, பழசாவது எல்லாம் சேர்த்து 0.8-ஆல் பெருக்குங்கள். 560 லூமன் மிஞ்சும். சாலை 5 மீட்டர் அகலம், கம்பங்கள் 40 மீட்டர் இடைவெளி என்றால் பரப்பு 200 சதுர மீட்டர். 560-ஐ 200-ஆல் வகுத்தால் 2.8 லக்ஸ். போதாது. அதே இடத்தில் 40 வாட் போட்டால் 5.6 லக்ஸ். போதும். கம்ப இடைவெளி 25 மீட்டர் என்றால் 20 வாட்டே 4.5 லக்ஸ் தந்துவிடும். ஆக, "எல்லாத்துக்கும் 20 வாட்" என்று மொத்தமாக வாங்கிப் போடுவதுதான் தப்பு. நெருக்கமான கம்பத்துக்கு 20, தூரமான கம்பத்துக்கு 40 என்று பட்டியல் பிரித்துக் கேளுங்கள். இது தோராயக் கணக்குதான். விளக்கின் ஒளி எப்படிப் பரவுகிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஆனாலும் சபையில் பேச இது தாராளம்.

சராசரியோடு விஷயம் முடிவதில்லை. இப்படிப்பட்ட தெருக்களில் மிகக் குறைந்த வெளிச்சம் சராசரியில் 0.3 பங்குக்குக் கீழே போகக் கூடாது என்பதும் அதே தரத்தில் உண்டு. மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒன்று விட்டு ஒரு விளக்கை அணைக்கும் ஊர்களில் இதுதான் அடிபடுகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகிற வண்டிக்காரரின் கண் பழகுவதற்குள் அங்கே நிற்கும் மாட்டின் மேல் மோதிவிடுவார். நடுராத்திரிக்கு மேல் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் எல்லா விளக்கையும் பாதி வெளிச்சத்துக்குக் குறைக்கும் வகை எல்.இ.டி. வாங்கலாம். அது இல்லையென்றால் முழுதாக எரிய விடுவதே நல்லது.

ஹைமாஸ்ட் ஆசை

சபையில் யாராவது ஒருவர் கட்டாயம் எழுந்து "நாலு ரோட்டுல ஹைமாஸ்ட் வேணும்" என்பார். திறப்பு விழாவுக்கு அந்த உயரக் கம்ப விளக்கு எடுப்பாக இருக்கும், மறுப்பதற்கில்லை. கணக்கைப் பாருங்கள். 16 மீட்டர் உயரக் கம்பத்தில் 200 வாட் விளக்கு 8 என்றால் 1,600 வாட். இரவுக்கு 11 மணி நேரம் வீதம் மாதம் 528 யூனிட். அதே மின்சாரத்தில் 40 வாட் தெருவிளக்கு 40 எரியும். ஹைமாஸ்ட் ஒரு மைதானத்தையோ சந்தையையோ பெரிய பஸ் நிலையத்தையோ நிறைக்கும். நீண்டு போகும் சாலைக்கு அது பொருந்தாது. அதன் வட்டத்தை விட்டு வெளியே வந்ததும் சாலை முன்பைவிட இருட்டாகத் தெரியும்.

பராமரிப்பும் ஊராட்சியின் கையில் இல்லை. விளக்குச் சட்டத்தைக் கீழே இறக்க அடியில் உள்ள வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றும் இயந்திரம்) வேலை செய்ய வேண்டும். இரண்டு மழைக்காலம் எண்ணெய் போடாமல் விட்டால் கம்பிவடம் துருப்பிடித்து இறங்காது. பிறகு கிரேன் வரவழைக்க வேண்டும். எட்டில் ஐந்து அணைந்தபடி நிற்கும் ஹைமாஸ்ட்டுகளின் கதை பெரும்பாலும் இதுதான். சட்டமன்ற உறுப்பினர் நிதியில் ஹைமாஸ்ட்தான் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு 5 ஆண்டுப் பராமரிப்பையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

விளக்கு மட்டும் போதாத இடங்கள்

60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஆபத்தைக் கண்டதும் பிரேக் பிடித்து நிற்க, ஓட்டுபவர் சுதாரிக்கும் நேரத்தையும் சேர்த்து, சுமார் 45 மீட்டர் வேண்டும். 40 கிலோமீட்டரில் 25 மீட்டர் போதும். டிம் லைட் காட்டும் தூரம் இந்த 45-ஐ எட்டுவதே சிரமம். அதனால் ஊருக்குள் நுழையும் இடத்தில் வேகத்தைக் குறைப்பதும் விளக்கு போடுவதும் சேர்ந்து நடக்க வேண்டும்.

உடனே எல்லோரும் கேட்பது வேகத்தடை. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 99-ம் எண் வழிகாட்டுதல் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கலாம். ஊர்க்காரர்கள் சேர்ந்து சிமெண்டில் போடும் ஒரு முழ அகல மேடு வேகத்தடை ஆகாது. இருட்டில் அதில் ஏறி விழுந்து, பின்னால் உட்கார்ந்திருந்த பெண் தலையில் அடிபடுவதுதான் நடக்கிறது. வெள்ளைப் பட்டை, 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை, மேலேயே ஒரு விளக்கு என மூன்றும் இல்லாத வேகத்தடையைக் கேட்காதீர்கள். பெயிண்ட் ஓராண்டில் தேய்ந்துவிடும். மறுபடி அடிக்கும் செலவையும் தீர்மானத்தில் சேருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடைக்கு அனுமதி கிடையாது. அங்கே சாலைக்குக் குறுக்கே தடிப்பான வெள்ளைக் கோடுகள், சோலார் மஞ்சள் சிமிட்டு விளக்கு, தரையில் பதிக்கும் ஒளிர்கற்கள் கேட்கலாம்.

செலவில்லாத வேலைகள் சில உண்டு. வளைவின் உள்பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டுவது, விளக்கை மூடிய புங்கன் வேம்புக் கிளைகளைக் கழிப்பது, சாலையோரம் நிறுத்தும் டிராக்டர் டிரெய்லர்களின் பின்புறம் சிவப்பு ஒளிர்ப்பட்டை ஒட்டுவது. வைக்கோல் ஏற்றிய டிரெய்லருக்குப் பின் விளக்கு இருந்தாலும் வைக்கோல் மறைத்துவிடும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை அடைத்து நெல் காயப்போட்டு, ஓரத்தில் கருங்கல் வைத்துவிட்டு இரவு அப்படியே விட்டுப் போவதும் ஊர்க்காரர்களின் தப்புதான். சபையில் பேசும்போது அதையும் நாமே எழுப்பினால் நம் கோரிக்கைக்கு மதிப்புக் கூடும்.

விபத்துக் கணக்கை எங்கே வாங்குவது?

"இங்க நிறைய ஆக்சிடென்ட்" என்பதற்கு அலுவலகத்தில் எடையில்லை. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு வைத்திருக்கும் விதிப்படி, சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ ஏற்பட்ட விபத்து 5 நடந்திருந்தாலோ, 10 பேர் இறந்திருந்தாலோ அது 'கரும்புள்ளி'. மற்றச் சாலைகளுக்கும் இதே அளவைச் சொல்லி வாதாடலாம்.

மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கள். கேள்வி குறுகலாக இருக்கட்டும்: இன்ன சாலை, இன்ன கி.மீ. முதல் இன்ன கி.மீ. வரை, கடந்த 3 ஆண்டுகளில் மாலை 6 முதல் காலை 6 வரை நடந்த விபத்துகள், தேதி, நேரம், இறப்பு, படுகாயம், நடந்து சென்றவரா இருசக்கர வாகனமா. பெயர்கள் கேட்காதீர்கள், மறுக்க அது ஒரு சாக்காகிவிடும். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆகவே சபை நாளுக்கு 40 நாள் முன்பே போட்டுவிடுங்கள்.

இந்தக் கணக்கை ஊராட்சியோடு நிறுத்தாமல் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அனுப்புங்கள். கலெக்டர் தலைமையில் காவல்துறை, நெடுஞ்சாலை, போக்குவரத்து அலுவலர்கள் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது. இந்தக் குழு எல்லா மாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 30-ல் உத்தரவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன்.

பணம் எதிலிருந்து?

பட்டி மாற்றுவது சின்னச் செலவு. ஊராட்சிப் பொதுநிதியிலிருந்து, அதாவது வீட்டு வரி, தொழில் வரி, மாநில நிதிக்குழு மானியம் வரும் கணக்கிலிருந்து செய்யலாம். மத்திய நிதிக்குழு மானியத்தில் நிபந்தனையுள்ள பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான். நிபந்தனையற்ற பகுதியைக் கேளுங்கள். புதுக் கம்பம் நடவும் கம்பி இழுக்கவும் மின்வாரியத்துக்கு டெபாசிட் கட்ட வேண்டும். பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் (ஏ.இ.) ஊராட்சி கடிதம் கொடுத்தால் எஸ்டிமேட் போட்டுத் தருவார்கள். பணம் கட்டிய பிறகுதான் வேலை. எஸ்டிமேட் வாங்கிவிட்டுப் பணம் கட்டாமல் விட்ட கோப்புகள் ஊராட்சி பீரோவில் கிடக்கும். போன முறை யாராவது கேட்டு எஸ்டிமேட் வந்ததா என்று முதலில் விசாரியுங்கள்.

"கரண்ட் பில்லுக்கே காசில்ல" என்று சொன்னால் கையில் கணக்கு இருக்கட்டும். பழைய 40 வாட் டியூப் லைட் சோக்கோடு சேர்ந்து 52 வாட் போல இழுக்கும். மாதம் 17 யூனிட். 60 டியூப் லைட் இருந்தால் 1,030 யூனிட். அதில் 35-ஐ 20 வாட் எல்.இ.டி. ஆகவும் 25-ஐ 40 வாட் எல்.இ.டி. ஆகவும் மாற்றினால் 561 யூனிட். மாதம் சுமார் 470 யூனிட் மிச்சம். உங்கள் ஊராட்சி பில்லில் உள்ள யூனிட் விலையால் பெருக்கிச் சொல்லுங்கள்.

சபை நாள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் சபை கூடும். கூட்ட அறிவிப்பு 7 நாள் முன்பே வர வேண்டும். அதற்கும் முன்னால் செயலரிடம் உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்குங்கள். தலைவர் பதவிக்காலம் முடிந்த ஊராட்சியில் தனி அலுவலராக வட்டார வளர்ச்சி அலுவலர் இருப்பார். மனு அவர் பெயருக்கு.

குறைவெண் வரம்பை, அதாவது சபை செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதைக் கவனியுங்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர்களால் பல தீர்மானம் பிறகு கேள்விக்குள்ளாகும். உங்கள் தெருக்காரர்கள் கடைசி வரை உட்காரட்டும்.

தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். இப்படி:

"நமது ஊராட்சி வடக்குத் தெரு முனை முதல் நடுநிலைப் பள்ளி வரையிலான ஊராட்சிச் சாலையில், மின்கம்பம் எண் 14, 15, 16, 17 ஆகிய நான்கிலும் 40 வாட் எல்.இ.டி. தெருவிளக்கு பொருத்தவும், 17-க்கும் 18-க்கும் இடையே 70 மீட்டர் இடைவெளி உள்ளதால் நடுவில் புதிய கம்பம் நட மின்வாரியத்திடம் மதிப்பீடு பெற்று ஊராட்சிப் பொதுநிதியிலிருந்து தொகை செலுத்தவும், பணி விவரத்தை அடுத்த கிராம சபையில் வைக்கவும் இச்சபை தீர்மானிக்கிறது."

நெடுஞ்சாலைப் பகுதிக்குத் தனித் தீர்மானம் போடுங்கள். இரண்டையும் ஒன்றாக எழுதினால் ஒன்றுக்காக மற்றதும் நின்றுவிடும்.

எதிர்ப்பு வரும். "தண்ணியே வரல, லைட்டு எதுக்கு" என்பார்கள். தண்ணீருக்கான மானியம் வேறு, இதற்கான நிதி வேறு என்று சொன்னால் போதும். வயல்காரர்கள் பேசுவதைத் தட்டிக் கழிக்காதீர்கள். நெல் குறும்பகல் பயிர், அதாவது பகல் குறைந்து இரவு நீளும்போது கதிர் தள்ளுவது. ஒளிக்கு எளிதில் மாறும் பாரம்பரியச் சம்பா ரகங்கள் இரவெல்லாம் விளக்கு விழும் வரப்போரத்தில் கதிர் தள்ளத் தாமதமாகும். வயல் பக்கம் மறைப்புத் தகடு வைத்த விளக்கு என்று தீர்மானத்தில் சேர்த்தால் அவர்களும் கை தூக்குவார்கள். காலனித் தெருக்களின் கம்பப் பட்டியலை உங்கள் தெருப் பட்டியலோடு சேர்த்தே வையுங்கள். ஊர்த்தெருவில் 30 மீட்டருக்கு ஒரு விளக்கும் காலனியில் கடைசிக் கம்பத்தோடு நிற்பதும் பல ஊர்களில் அப்படியே பழகிப்போயிருக்கிறது. பட்டியலாக வைத்தால் அந்த வித்தியாசம் யாரும் சொல்லாமலே தெரியும்.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் கிராம சபைக்குப் பதில் பகுதி சபை, வார்டு குழு. அங்கே கவுன்சிலர்தான் முதல் வாசல். கம்ப எண், வாட், இடைவெளி என்ற பட்டியல் வேலை அதேதான். சென்னையில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் 1913 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிடலாம்.

தீர்மானத்துக்குப் பிறகு

ஒரு வாரத்தில் தீர்மான நகல் கேளுங்கள். அதை வைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு மனு, மின்வாரிய ஏ.இ.க்கு ஒரு மனு. நகர்வே இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனு நாள். ஊராட்சி சார்ந்த புகாருக்கு 155340, மின்வாரியக் கம்பி கம்பப் புகாருக்கு மின்னகம் 94987 94987, தேசிய நெடுஞ்சாலைக்கு 1033. புகார் எண்ணையும் தேதியையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.

விளக்கு வந்து இறங்கும்போது பெட்டியைப் பாருங்கள். அலுமினிய வார்ப்பு உடல், ஐபி 65 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) அல்லது அதற்கு மேல், 10 கிலோவோல்ட் மின்னெழுச்சிப் பாதுகாப்பு, 440 வோல்ட் தாங்கும் டிரைவர் (எல்.இ.டி.க்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பாகம்), பி.ஐ.எஸ். முத்திரை, உத்தரவாத ஆண்டு இவையெல்லாம் இருக்க வேண்டும். ஐபி 65 இல்லாத மலிவு விளக்கில் முதல் மழைக்கே பூச்சியும் தண்ணீரும் புகுந்துவிடும். கெட்டுப்போவது பெரும்பாலும் எல்.இ.டி. அல்ல, உள்ளே இருக்கும் டிரைவர்தான். அதைத் தனியாக மாற்ற முடிகிற வகையா என்று கேளுங்கள். பொருத்திய தேதியைக் கம்பத்திலேயே பெயிண்டில் எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலத்தில் போன விளக்கைக் காசு கொடுத்து மாற்றும் கூத்து அதனால் நிற்கும்.

விளக்கை மேல்நோக்கி ரொம்பச் சாய்த்து மாட்டினால் வெளிச்சம் எதிர்வீட்டு ஜன்னலுக்குப் போகும், வண்டிக்காரர் கண்ணையும் கூசும். 5 முதல் 15 டிகிரி சாய்வு போதும். இரும்புக் கம்பம் என்றால் எர்த் கம்பி தரைக்குள் இறங்குகிறதா என்று பார்க்காமல் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட விடாதீர்கள். மழைக்காலத்தில் கம்பத்தை உரசிய மாடு செத்துவிழுவது எர்த் இல்லாத கம்பத்தில்தான். ஒரு வாரம் கழித்து அதே இரண்டு பேர் அதே நோட்டோடு மறுபடி இரவில் நடந்து, பழைய குறிப்புக்குப் பக்கத்தில் புதிய நிலையை எழுதி, அதன் நகலை அடுத்த சபைக்கு முன் செயலரிடம் கொடுங்கள்.